சிறுசேரித் தண்ணீரும் கார் கழுவும் சோப்பும்

சிறுசேரி, சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே உள்ள ஊர். வயலும் ஏரியுமாக இருந்த இவ்வூர், சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தபின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஊராக மாறியது. இங்கே பல வீடுகளில் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழந்துணி, ஒரு கைப்பிடி சோப்புத்தூள் ஆகியவற்றைக் கொண்டே கார் கழுவப்படுகிறது. எந்தச் சோப்பு நல்லது என்ற கேள்விக்கு விளம்பரங்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லும். இப்பகுதியைப் பொறுத்தவரை, முதலில் பார்க்கவேண்டியது சோப்பை அல்ல, தண்ணீரைத்தான்.

ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் லாரியிலிருந்தும் வரும் நீரைத் தென்சென்னைப் புறநகர் மக்கள் உப்புத்தண்ணீர் என்பார்கள். பாடநூல் சொல் கடினநீர். கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருப்பதே கடினத்தன்மைக்குக் காரணம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. கடினத்தன்மையை முதன்முதலில் முறையாக அளந்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தின் தாமஸ் கிளார்க். 1840-களில் அவர் பயன்படுத்திய கருவி சோப்புக் கரைசல்தான். அந்தச் சோதனையை இன்றும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பாட்டிலில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, பார் சோப்பைச் சிறிது சீவிப் போட்டுக் குலுக்கவேண்டும். நுரை பொங்கி நின்றால் மென்னீர். பால்போல் கலங்கித் தயிர்த்துகள்போல் திரிந்தால் கடினநீர்.

அந்தத் திரிதலே கார் கழுவுவதில் சோப்புக்கட்டி தோற்றுப்போகும் இடம். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. அது கடினநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத கசடாகிவிடுகிறது. வெள்ளை வேட்டியில் அது பழுப்பாகத் தெரியும். கறுப்புக் காரின் முகப்பில் மங்கலான, பிசுபிசுப்பான படலமாக ஒட்டும்.

நம் முன்னோர் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தார்கள். சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய உவர்மண்ணில் சோடியம் கார்பனேட்டு உண்டு. அது கால்சியத்தைத் தனியே படியவைத்துவிடும். பட்டுக்கும் நகைக்கும் பயன்பட்ட பூந்திக்கொட்டையின் நுரை கடினநீரிலும் திரிவதில்லை. ஆலைச் சோப்பு பரவியது அதற்குப் பின்னர்தான். சென்னை மாகாண அரசின் முயற்சியால் 1914-இல் கோழிக்கோட்டில் சோப்பு ஆலை தொடங்கப்பட்டது. 1917-இல் டாடா ஆயில் மில்ஸ் நிறுவப்பட்டது. அந்த நிறுவனத்தின் 501 பார் சோப்பைத் தெரியாத பழைய குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு.

கடினநீரில் திரியாத செயற்கைப் பொருள், முதல் உலகப்போரில் ஜெர்மனியில் கொழுப்புக்கு ஏற்பட்ட பஞ்சத்தில் பிறந்தது. அமெரிக்காவில் 1946-இல் டைடு வந்தபின் டிடர்ஜெண்ட் வீட்டுப் பொருளாயிற்று. இந்தியாவில் 1959-இல் சர்ஃப் அறிமுகமானது. 1969-இல் அகமதாபாதில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா, மலிவான சலவைத்தூளை எளிய குடும்பங்களுக்கும் கொண்டுசேர்த்தது. இத்தூளின் முதன்மை மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீனை வடசென்னையின் மணலியில் தமிழ்நாடு பெட்ரோப்ராடக்ட்ஸ் தயாரிக்கிறது. ஸ்பிக், டிட்கோ இரண்டும் சேர்ந்து 1984-இல் உருவாக்கிய நிறுவனம் அது.

உப்புத்தண்ணீரிலும் நுரைக்கும் தூள் வீட்டுக்கு வந்ததும், அதுவே கார் கழுவும் வாளிக்கும் போயிற்று. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1980-களின் இறுதிவரை கார்களைத் தயாரித்தது. அதன் ஹெரால்டு ஓடிய காலத்துக் கார்களின் வண்ணப்பூச்சு வேறு வகை. மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது, நிறமே வெளிப்புறம். வெயிலில் மங்கினால் தேய்த்து மெழுகு பூசிப் பளபளப்பை மீட்பார்கள். இன்றைய கார்களில் நிறத்தின்மேல் ஒளிபுகும் பூச்சு ஒன்று உள்ளது. அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. காரின் பளபளப்பு முழுவதும் அந்த மெல்லிய பூச்சில்தான் இருக்கிறது.

சலவைத்தூள் துணிக்காகச் செய்யப்பட்டது. எண்ணெய்க்கறையை அகற்றச் சலவைச் சோடா, சிலிகேட்டு போன்ற காரப்பொருள்களைச் சேர்ப்பார்கள். அதன் கரைசலின் பி.எச். 10-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஒருமுறை கழுவினால் கார் கெட்டுவிடாது, அப்படிச் சொல்வது மிகை. ஆனால் வாராவாரம் கழுவினால் பூசிய மெழுகு போய்விடும், ரப்பர் விளிம்புகள் வெளுக்கும், அலுமினியச் சக்கரம் மங்கும். கரையாத தூள்மணி துணியில் சிக்கினால் மெல்லிய கீறல்கள் விழும். நல்ல வெயிலில் பார்த்தால் அவை சிலந்திவலைபோல் தெரியும்.

பாத்திரம் கழுவும் திரவத்தில் பொதுவாகக் காரம் குறைவு. ஆனால் பிசுக்கை எடுப்பதே அதன் வேலையாதலால் மெழுகையும் எடுத்துவிடும்.

இவற்றைவிடத் தலைக்குப் போடும் ஷாம்பு பரவாயில்லை. ஓட்டுநர்களும் கார் கழுவுவோரும் பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வாளியில் கலப்பது பழைய வழக்கம். பாக்கெட் ஷாம்பு தமிழ்நாட்டில் வேரூன்றியதற்குக் கடலூருக்குப் பெரும் பங்குண்டு. சின்னி கிருஷ்ணன் அதை அங்கே பரப்பினார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். தலை ஷாம்புவிலும் கார் ஷாம்புவிலும் நுரைக்கும் பொருள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. அது கடினநீரில் சோப்புபோல் திரிவதில்லை, காரமும் இல்லை. தலை ஷாம்புவில் முடி வழவழப்புக்காகச் சேர்க்கும் பொருள்கள் கண்ணாடியில் படலமாகப் படியக்கூடும் என்பதே குறை. கார் ஷாம்புவில் அவை இருக்காது. மண்துகள் உராயாமல் வழுக்கிச் செல்ல வழுவழுப்பும் கிடைக்கும். ஆகவே புட்டியின் படத்தையும் மணத்தையும் விட்டுவிட்டு, நடுநிலை பி.எச். என்ற குறிப்பையும் ஒரு வாளிக்கு எத்தனை மில்லி என்ற அளவையும் பார்த்து வாங்குவது நல்லது. நுரை மிகுதிக்கும் சுத்தத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. அளவு கூடினால் அலசும் தண்ணீரும் கூடும்.

இப்பகுதியில் அலசும் தண்ணீர் எளிய செய்தியல்ல. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மழைக்குப்பின் மெரினா, பட்டினப்பாக்கம் கரைகளில் வெண்ணுரை மலைபோல் ஒதுங்கியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். கழிவுநீரோடு கலந்து வந்த டிடர்ஜெண்ட் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. வாசலில் கழுவும் காரின் சோப்புநீரும் மழைநீர் வடிகால் வழியே பக்கிங்காம் கால்வாய்க்கும் முட்டுக்காட்டுக்கும் போகக்கூடியதே. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது.

சரியான ஷாம்பு வாங்கியபின்னும் காரில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் ஷாம்புவைக் குறைசொல்லிப் பயனில்லை. அது தண்ணீர் காய்ந்து விட்டுச்சென்ற உப்பு. சிக்கனம் கருதிப் பலர் ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைக் காருக்குப் பயன்படுத்துகிறார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். சேறு போக முதலில் ஊற்றுவதற்கு அது போதும், கடைசி அலசலுக்கு ஆகாது. கடைசிக்கு உகந்தது மழைநீர். அது இல்லாத நாளில் ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாகும் அந்நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. கடலோரப் புழுக்கத்தில் ஓர் இரவில் ஒரு வாளி நிறைவதும் உண்டு. நிழலில் வண்டியை நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கழுவி, அந்த ஒரு வாளியால் அலசி, உடனே துடைத்துவிட்டால் திட்டு விழாது.

பல குடியிருப்புகளில் சோப்பை வாங்குபவர் ஒருவர், கழுவுபவர் வேறொருவர். சலவைத்தூளின் காரம் நாள்தோறும் பத்துப் பதினைந்து கார் கழுவும் கைகளின் தோலை வெடிக்கச் செய்யும். நடுநிலை ஷாம்புவில் அந்தத் தொல்லை குறைவு.