ஹோமியோபதி மூலிகை தோல் புற்றுநோயை அழிக்குமா? ஆய்வு சொல்வது என்ன?

"தூஜா மூலிகை தோல் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது! ஆய்வில் நிரூபணம்!"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்த மாதிரி செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். இது முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. வாங்க, பிரித்துப் பார்ப்போம்.

ஆய்வில் நடந்தது என்ன?

தூஜா வட அமெரிக்காவைச் சேர்ந்த ஓர் ஊசியிலை மரம். அதை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கும் சாற்றுக்கு ஹோமியோபதியில் 'மதர் டிங்சர்' என்று பெயர். மருக்களுக்கும் மச்சங்களுக்கும் அதைக் கொடுப்பது வழக்கம்.

இந்தியாவின் மேற்கு வங்கத்தில் உள்ள கல்யாணி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சாற்றை ஏ375 செல்கள்மீது சோதித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏ375 என்பது 54 வயதுப் பெண் ஒருவரின் மெலனோமா கட்டியிலிருந்து எடுத்து, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் செல் வகை. மெலனோமா, தோல் புற்றுநோய்களில் மிக ஆபத்தானவற்றில் ஒன்று.

செல்களின் வளர்ச்சி குறைந்தது. பல செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டன. சாதாரண ரத்த செல்களுக்குப் பாதிப்பு குறைவாகவே இருந்தது.

அப்போ மருந்து வேலை செய்யுதுதானே?

அவசரப்படாதீர்கள். ஆய்வுக்கூடத் தட்டில் சாறு நேரடியாகச் செல்கள்மீது படுகிறது. நீங்கள் விழுங்கும் மருந்தோ குடல், கல்லீரல், ரத்தம் எல்லாவற்றையும் தாண்டிக் கட்டியை அடையவேண்டும். உப்பையும் சோப்பையும் அதிகம் ஊற்றினால்கூடத் தட்டில் உள்ள புற்றுநோய் செல்கள் செத்துப்போகும். அதனால் உப்பு புற்றுநோய் மருந்து ஆகிவிடுமா?

இந்த ஆய்வில் ஒரு நோயாளிகூட இல்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

கடையில் வாங்குவதும் அதே சாறுதானா?

பெரும்பாலும் இல்லை. '30சி' என்று எழுதிய புட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சொட்டுச் சாற்றை 99 சொட்டுத் திரவத்தில் கலப்பார்கள். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மறுபடியும் 99 சொட்டில் கலப்பார்கள். இப்படி 30 முறை. 12ஆம் முறையைத் தாண்டினாலே மூலச் சாற்றின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. தட்டில் சோதித்தது அடர்த்தியான சாறு. அந்த முடிவை 30சி மாத்திரைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

சரி, மதர் டிங்சரையே குடிக்கலாமா? வேண்டாம். தூஜாவில் உள்ள துஜோன் அளவு மீறினால் வலிப்பை உண்டாக்கக்கூடிய நச்சு.

செடியிலிருந்து மருந்தே வராதா?

தாராளமாக வரும். வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான் வின்கிரிஸ்டின். பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு அதை இன்றும் கொடுக்கிறார்கள். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து பேக்ளிடாக்செல் கிடைத்தது. பட்டையைச் சேகரித்தது 1962இல். அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். வேலை செய்யும் பொருளைத் தனியே பிரித்து, அளவை நிர்ணயித்து, விலங்குகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் சோதிக்க 30 ஆண்டுகள் ஆயின. தட்டில் கிடைத்த முடிவு அந்தப் பயணத்தின் முதல் படி மட்டுமே.

ஹோமியோபதியைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் 176 ஆய்வுகளை அலசி 2015இல் அறிக்கை வெளியிட்டது. எந்த நோய்க்கும் அது பலன் தருவதாக நம்பகமான ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் ஹோமியோபதி அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளில் ஒன்று. அதற்காக அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொருள் இல்லை. புற்றுநோய்க்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது.

நீங்கள் கவனிக்கவேண்டியது

"நம்ம தோலுக்கு இதெல்லாம் வராது" என்று நினைக்காதீர்கள். கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா குறைவுதான். ஆனால் வந்தால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் வருவது அதிகம். யாரும் எளிதில் பார்க்காத இடங்கள். பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால்விரலில். 1981இல் 36 வயதில் இறந்தார்.

மச்சம் வடிவம் மாறினாலோ, ஓரம் ஒழுங்கற்றுப் போனாலோ, பல நிறம் காட்டினாலோ, ரத்தம் கசிந்தாலோ, நகத்தில் காரணமில்லாமல் கறுப்புக் கோடு தெரிந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் சின்ன அறுவை சிகிச்சையே போதும். மாத்திரை சாப்பிட்டு "பார்ப்போம்" என்று காத்திருக்கும் மாதங்களில் அது உடலின் மற்ற பாகங்களுக்குப் பரவலாம்.

அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால் குழுவில் இதை மட்டும் கேளுங்கள்: "தட்டிலா, மனிதரிடமா சோதித்தார்கள்?"