நீலகிரித் தைலம்: வீட்டுப் பயன்பாடும் பாதுகாப்பும்

நீலகிரித் தைலம் யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து வடித்தெடுக்கப்படும், எளிதில் ஆவியாகும் எண்ணெய். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1843-இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, விறகுத் தேவைக்காகப் பெருமளவில் நடப்பட்டது. உதகைப் பக்கத்தில் இன்றும் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பெரிய கலத்தில் நீரோடு கொதிக்க வைத்துத் தைலம் காய்ச்சுகிறார்கள். கலத்திலிருந்து எழும் ஆவி, குளிர்ந்த நீருக்குள் போகும் குழாய் வழியே இறங்கிக் குளிர்கிறது. நீர் அடியில் நிற்க, தைலம் மேலே மிதக்கிறது. இதன் வாசத்துக்கும் வீரியத்துக்கும் முதன்மைக் காரணம் சினியோல் என்னும் வேதிப்பொருள். மருந்துத் தரமுள்ள தைலத்தில் அது 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கும்.

சளிக்கும் தலைபாரத்துக்கும் தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் தேடப்படும் பொருட்களில் இதுவும் ஒன்று. மரத்திலிருந்து வருவதால் தீங்கில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் கூடைக் கணக்கான இலையின் சாரம் ஒரு சிறு குப்பியில் அடங்கியிருக்கிறது. இலைக் கஷாயத்தைப் போல இதைக் கருதக் கூடாது.

மிகப் பெரிய ஆபத்து, குழந்தைகள் இதை விழுங்கிவிடுவது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். வாந்தி, தள்ளாட்டம், அசாதாரணத் தூக்கம் போன்ற அறிகுறிகள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். குழந்தை தானாக எடுத்துக் குடிப்பதைப் போலவே, அவசரத்தில் பெரியவர்கள் இருமல் மருந்து என்று எண்ணி ஊற்றிக் கொடுப்பதாலும் இது நேர்கிறது. குடிக்கும் மருந்துகள் இருக்கும் அலமாரியில் தைலக் குப்பி இருக்கவே கூடாது. வெந்நீரிலோ சர்க்கரையிலோ சொட்டுவிட்டு உட்கொள்ளும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்.

கற்பூரமும் இதே அளவு கவனத்துக்குரியது. பூஜையறைத் தட்டில் கிடக்கும் வெள்ளை வில்லை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய்தான். விழுங்கிய சில நிமிடங்களிலேயே, வேறு அறிகுறி எதுவும் காட்டாமல் வலிப்பு வரக்கூடும். அமெரிக்க அரசு 1983-இல், மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் பொருட்களில் கற்பூரம் 11 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என வரம்பு கட்டியது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். போட்ட அளவு யாருக்கும் தெரியாது. குழந்தையின் மெல்லிய தோல் அதை விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். அன்போடு செய்யப்படுவது என்றாலும், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைத் தவிர்ப்பதே சரி. மெந்தால் கலந்த தைலங்களை அவர்களின் மூக்கருகே தடவினால் மூச்சுக்குழல் மேற்பகுதி இறுகி மூச்சுத் திணறலாம். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் யூகலிப்டஸ், கற்பூரம் ஆகிய இரண்டையும் தவிர்க்க வேண்டும். முகர்வதும் பூசுவதும்கூட வலிப்பைத் தூண்டிய நேர்வுகளை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர்.

மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெய் வேறு வகையில் கொடியது. அதன் ஒரு தேக்கரண்டி, 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம். பல்வலிக்கு வைக்கும் கிராம்புத் தைலம் நீர்க்காமல் பட்டால் ஈறு வெந்துவிடும்.

பெரியவர்கள் தோலில் பூசுவதற்கு 30 மில்லி தேங்காய் எண்ணெயில் அல்லது நல்லெண்ணெயில் 12 சொட்டு நீலகிரித் தைலம் போதும். இது ஏறத்தாழ 2 விழுக்காடு. குளியல் நீரில் நேரடியாக விடுவது பயனற்றது. தைலம் நீரில் கரையாமல் மெல்லிய படலமாக மிதந்து, அப்படியே தோலில் ஒட்டி எரிச்சல் தரும். ஆவி பிடிக்கும்போதும் மிதக்கும் தைலம் முழுவதும் முதல் சில மூச்சுகளிலேயே எழும்பிக் கண்ணைக் கரிக்கும் என்பதால் ஓரிரு சொட்டு போதும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் மேல் குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைப்பதில், தைலத்தைவிடக் கொதிநீர் கவிழ்வதே பெரிய ஆபத்து.

தைலத்தின் ஆவி சுமார் 50 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. குப்பியை அடுப்பு, விளக்கு அருகே வைக்கலாகாது. தெர்மாகோலையும் இது கரைத்துவிடும். பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும். எலுமிச்சை, லாவெண்டர் போன்றவற்றின் எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பழசானால் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். பூனை வளர்க்கும் வீட்டில் இவற்றை ஆவியாக்கும் கருவியை ஓட்டுவது நல்லதல்ல. இவற்றிலுள்ள பல பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை.

யாராவது விழுங்கிவிட்டால் உப்புநீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. மேலேறும் தைலம் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் இரும்பைத் திணிப்பதில் பயனில்லை. கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். 108-ஐ அழைக்கலாம், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையமும் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை தருகிறது. அறிகுறி தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்தத் தைலம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் அறிய, குப்பியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.