வன்னியிற் பறங்கி நோயும் குருதிச் சோதனையும்

வன்னிநாட்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் வன்னியர் மரபையும் பண்டார வன்னியனின் வீரத்தையும் விரித்துரைப்பர். குடிகளை நெடுங்காலம் வாட்டிய நோய்களின் வரலாறோ அத்துணைப் பேசப்படுவதில்லை. அந்நோய்களுள் ஒன்று பறங்கி. அதன் கதை, குருதியிலுள்ள காவற்பொருள் ஒன்றை மேலைநாட்டறிஞர் கண்டறிந்த கதையோடு பின்னிக் கிடக்கின்றது.

பறங்கியர் கொணர்ந்தது என்னும் எண்ணத்தால் இந்நோய் அப்பெயர் பெற்றது. தோலிற் புண்ணாகத் தோன்றிக் காலஞ்செல்ல எலும்பையும் மூட்டையும் தாக்கும். உடலோடு உடல் தீண்டுதலாற் பரவி, சிறுவரையே பெரிதும் பற்றும். உயிரை அரிதாகவே கொள்ளுமாயினும், உழுபவனின் கைகால்களை முடக்கவல்லது. பாழ்நிலத்தைக் கண்டு குடிகளைச் சோம்பர் எனப் பழிப்போர் இதனை எண்ணுதல் வேண்டும். இலங்கை மருத்துவப் பகுதித் தலைவராயிருந்த கின்சி 1881 ஆம் ஆண்டில் இந்நோய் பற்றித் தனியறிக்கையே வெளியிட்டார்.

இனி, மேலைநாட்டை நோக்குவாம். நோயினின்று தேறிய விலங்கின் குருதி நீர்ப்பாயம் பற்றீரியாவை அழிக்கும். 56 பாகை வெப்பத்திற் சிறிதுநேரம் வைப்பின் அவ்வாற்றலை இழக்கும். நோயுறாத விலங்கின் புதிய நீர்ப்பாயத்திற் சிறிதளவு சேர்ப்பின் மீண்டும் பெறும். இவற்றை 1895 ஆம் ஆண்டளவில் பாரிசு பாஸ்டர் நிலையத்தில் ஜூல் போர்டே ஆராய்ந்தார். எனவே இரு பொருள்கள் கூடியே பகையை அழிக்கின்றன என்பது பெறப்பட்டது. வெப்பத்தைத் தாங்குவது பிறபொருளெதிரி. தாங்காதது அதற்குத் துணைநிற்கும் நிரப்பி. பின்னதற்கு அப்பெயரை இட்டவர் போல் ஏர்லிக். அது ஒரு பொருளன்று, முப்பதிற்கு மேற்பட்ட புரதங்களின் தொகுதி என்பது இன்று தெளிவு. அவை ஒன்றையொன்று தூண்டி, ஈற்றிற் பகைக்கலத்தின் மென்றகட்டைத் துளைக்கின்றன.

1905 இல் கொழும்பில் ஆராய்ந்த காஸ்ரெல்லானி பறங்கிப் புண்ணில் சுருளுருவான கிருமியைக் கண்டார். மேகநோய்க் கிருமி கண்டறியப்பட்டதும் அவ்வாண்டிலேயே. மறுவாண்டில் வாசர்மன் குழுவினர் நிரப்பியைக் கொண்டு மேகநோய்க்குக் குருதிச் சோதனை வகுத்தனர். நோயாளியின் நீர்ப்பாயத்தில் உரிய பிறபொருளெதிரி இருப்பின் சேர்க்கப்பட்ட நிரப்பி செலவாகிவிடும். பின்னர் இடப்படும் ஆட்டுச் செங்கலங்கள் உடையாது நிற்கும். இல்லையெனின் அவை உடைந்து நீரைச் சிவப்பாக்கும்.

இச்சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. மேகநோய்க்கும் பறங்கிக்கும் அது ஒரே விடையைத் தரும். இன்றும் பொதுவான குருதிச் சோதனைகள் இரண்டையும் வேறுபடுத்தா. அண்டை வீட்டுப் பிள்ளையோடு விளையாடிப் பறங்கியுற்ற ஒருவன், முதுமையிற் சோதிக்கப்படின், ஒழுக்கக்கேட்டாலுறும் நோயன் என இகழப்படலாம். அவன் பிறந்து வளர்ந்த ஊரின் வரலாற்றை அறிந்த மருத்துவனே அப்பழியைத் தவிர்க்கவல்லான்.

இத்துணைக் காவலிருந்தும் உடல் இந்நோயை முற்றாக வெல்லாதது ஏன்? கிருமியின் புறத்தோலிற் புரதங்கள் மிகச் சிலவே. பிறபொருளெதிரிக்குப் பற்றுக்கோடு அரிதாகவே, நிரப்பியும் தன் தொழிலை எளிதிற் செய்ய இயலாது. அக்குறையை முதலில் ஏர்லிக்கின் சல்வர்சானும், பின்னர்ப் பென்சிலினும் நீக்கின.

ஒரு நாட்டின் வரலாறு அரசர் பட்டயங்களில் மட்டுமன்று, அதன் மக்கள் குருதியிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைப் படிப்பதற்கு அறிவியலும் வரலாறும் ஒருங்கே வேண்டும்.