ஊர் கூடி எழுதிய கலைக்களஞ்சியம்

ஒரே வேலையை ஒரே கருவிகொண்டு பல மொழியினர் செய்யப் புகுந்தால், அவ்வேலை எங்கும் ஒரே வகையாக நடைபெறுமா? தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்டு வாழும் காக்ஸ் டவுன் மக்களாகிய நமக்கு இவ்வினா புதிதன்று. இதற்கு விடை கூறும் வரலாறொன்று நம் கண்முன்னரே நிகழ்ந்திருக்கின்றது. விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின் வரலாறே அது.

கலைக்களஞ்சியப் பணி தமிழர்க்குப் பழகிய பணியே. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராய் உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. முன்னதில் ஒருவரே எழுதினார். பின்னதில் அறிஞர் பலர் எழுத, ஆசிரியர் குழு முடிவு செய்தது. 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ எழுதுவோரும் பலர், திருத்துவோரும் அவர்களே. ஊதியம் இல்லை, தலைவர் நாற்காலியும் இல்லை. நாற்காலி இன்றித் தமிழர் கூட்டமொன்று நடைபெற்றது என்பதே ஓர் அதிசயந்தான்!

தொடக்க காலத்தில் இப்பணியைத் தாங்கியவருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். அலுவல் பார்த்துக்கொண்டே அவர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். ஈழத்தவரும் தமிழகத்தாரும் இவ்வாறு ஒரே பந்தியில் அமர்ந்தபோது எழுந்தது சொல் வழக்கு. இவர் 'டொராண்டோ' என்றதை அவர் 'ரொறன்ரோ' என்றார். இவருடைய 'பிரிட்டன்' அவருக்குப் 'பிரித்தானியா' ஆயிற்று. கிரந்த எழுத்துகளைக் கொள்வதா, தள்ளுவதா என்னும் வாதமோ ஓய்ந்தபாடில்லை.

ஆங்கிலேயர்க்கும் அமெரிக்கர்க்கும் இத்தகைய பூசல் உண்டு. முதலில் எழுதியவர் எந்த வழக்கில் தொடங்கினாரோ அதனையே அக்கட்டுரையில் விட்டுவிடுவது என்று ஆங்கில விக்கிப்பீடியா விதி வகுத்துக்கொண்டது. செருமானியரோ 2008 முதல், புதியவர் செய்யும் திருத்தத்தைப் பழகியவர் ஒருவர் பார்த்த பின்னரே வாசகர்க்குக் காட்டினர். நம்மவர் ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து, மற்றப் பெயரைத் தேடி வருவோரும் அங்கேயே வந்து சேருமாறு வழி அமைத்தனர். இருவர் மனமும் கோணாத இவ்வேற்பாடு நம் வீட்டுத் திருமணங்களை நினைவூட்டுகின்றது.

2009ஆம் ஆண்டளவில் பெரியதொரு சோதனை வந்தது. கூகிள் நிறுவனம் கூலி கொடுத்து, கணிப்பொறியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளை வங்காளம், தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகளிற் பெயர்ப்பித்து விக்கிப்பீடியாவில் இடுவித்தது. கட்டுரைகளின் தொகை பெருகியது. நடையோ தமிழாய் இல்லை. வங்காளியர் அவற்றை ஏலோம் என்று மறுத்தனர். தமிழர் கதவை அடைக்கவில்லை; குறைகளை எடுத்துக் கூறினர், திருத்தி அனுப்பக் கேட்டனர், எத்தலைப்புகள் வேண்டுமென்பதைத் தாமே சொல்லுவோம் என்றனர். 2010இல் போலந்து நாட்டுக் கதான்சுக் நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டிலும் தமிழர் தரப்பு எடுத்துரைக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் அந்நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது.

எது சிறந்த வழி? வங்காளியர் தம் மொழியின் மானத்தைக் காத்தனர் என்போம். நம்மவர் வழியே நமக்கு உவப்பாயினும், அதற்குரிய விலையைத் தொண்டர்களே கொடுத்தனர். கரடுமுரடான அக்கட்டுரைகளைச் செப்பனிடும் சுமை அவர்கள் தோள்மேல் விழுந்தது.

அந்தப் பந்தியில் நமக்கும் இலை உண்டு. 1809இல் அமைந்த கண்டோன்மெண்டை நாடித் தமிழ் மாவட்டங்கள் பலவற்றிலிருந்தும் வந்த நம் முன்னோர், தத்தம் ஊர்ச் சொற்களையும் உடன் கொணர்ந்தனர். கன்னட மண்ணில் அவை கலந்து புதுவழக்காயின. அவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கின்றனர். கணிப்பொறி பழகிய பிள்ளைகளும் இருக்கின்றனர். 2014 நவம்பர் 1 முதல் நம் நகரின் ஆங்கிலப் பெயர் கன்னட வழக்கிற்கேற்ப மாற்றப்பட்டது. அதனைத் தமிழிற் பெங்களூர் என்பதா, பெங்களூரு என்பதா என்று சொல்லக் காக்ஸ் டவுன் வீடுகளைவிட உரிமையுடையார் யார்?