சப்ரூ ஹவுஸ் தலைவர்கள்

உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் 1943 நவம்பர் 21 அன்று தோன்றியது. அது இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். 1939-இல் இந்தியாவைப் போரில் இறக்கும் அறிவிப்பை வைஸ்ராய் லின்லித்கோ வெளியிட்டபோது, இந்தியத் தலைவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்துக்குப் பிறகு காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். வங்காளத்தில் மக்கள் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தார்கள். தனக்கென ஒரு வெளியுறவுக் கொள்கையே இல்லாத நாட்டில், வெளியுலகைப் பற்றிப் படிக்கவும் விவாதிக்கவும் ஓர் அமைப்பு வேண்டும் என்று சிலர் அப்போது நினைத்தார்கள். வரப்போகும் சுதந்திரத்தின் மேல் அவர்களுக்கு இருந்த உறுதியையே இது காட்டுகிறது.

இந்தியாவில் இத்தகைய அமைப்பு அதற்கு முன்பும் ஒன்று இருந்தது. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனத்தின் வழியில் 1936-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சர்வதேச விவகார நிறுவனம் அது. அரசுக்கு நெருக்கமானவர்கள் கையில் இருந்ததால், வெளிநாட்டு மாநாடுகளில் அதன் குரலை இந்திய மக்களின் குரலாகத் தேசியவாதிகள் ஏற்கவில்லை. ஆனாலும் அதன் சார்பில் 1945 பிப்ரவரியில் லண்டன் காமன்வெல்த் உறவுகள் மாநாட்டுக்குப் போன முகமது ஜாபருல்லா கான், காமன்வெல்த்தின் சுதந்திரத்துக்காக லட்சக்கணக்கான வீரர்களைப் போர்க்களத்துக்கு அனுப்பிய இந்தியா தன் சொந்தச் சுதந்திரத்துக்காகக் கையேந்தி நிற்பதா என்று மேடையிலேயே கேட்டார். அரசுக்கு வேண்டியவர் என்று கருதப்பட்ட கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஒருவரின் வாயிலிருந்து வந்ததால் அந்தக் கேள்விக்குக் கனம் கூடியது. நாடு பிரிந்தபோது, அந்நிறுவனத்தின் செயலாளர் குவாஜா சர்வர் ஹசன் அதைக் கராச்சிக்குக் கொண்டு சென்றார். பாகிஸ்தான் சர்வதேச விவகார நிறுவனம் அதன் வழிவந்ததே.

புதிய கவுன்சிலின் முதல் தலைவர் சர் தேஜ் பகதூர் சப்ரூ. 1875-இல் அலிகாரில் பிறந்து, அலகாபாத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றவர். 1920 முதல் சில ஆண்டுகள் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தார். மிதவாதி. சிறைக்குப் போகும் அரசியல் அவருடையதல்ல. ஆனால் சிறையில் இருந்தவர்களிடம் பேச வேண்டிய வேளையெல்லாம் இரு தரப்பும் தேடியது அவரைத்தான். 1930-இல் எம். ஆர். ஜெயகருடன் எரவாடா சிறைக்குப் போய்க் காந்தியிடம் பேசினார். மறு ஆண்டு காந்தி–இர்வின் ஒப்பந்தம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. எழுபதை எட்டும் வயதில், 1945-இல் செங்கோட்டையில் நடந்த இந்திய தேசிய ராணுவ வழக்கில் எதிர்வாதக் குழுவில் இடம்பெற்றார். இப்படி எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாமல், எல்லாக் கட்சிகளின் மதிப்பையும் பெற்ற ஒருவர் தலைமையில் இருந்தது கவுன்சிலுக்கு வாய்த்த பெரிய முதலீடு.

அவருடன் தோளோடு தோள் நின்றவர் ஹிருதயநாத் குன்ஸ்ரூ. கோகலே 1905-இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர். 1936 முதல் அதன் தலைவர். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி முன்பு தலைமை வகித்த அதே சங்கம். தென்னாப்பிரிக்காவிலும் பிற காலனிகளிலும் கூலிகளாகவும் வணிகர்களாகவும் குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காக அந்தச் சங்கத்தார் பல ஆண்டுகள் உழைத்தார்கள். சாஸ்திரி 1927-இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகப் பொறுப்பேற்றது அந்த உழைப்பின் ஒரு பகுதி. இந்தியாவில் வெளியுறவுச் சிந்தனை எங்கிருந்து கிளம்பியது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் நேருவின் நூல்களோடு நின்றுவிடுகிறார்கள். கரும்புத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் வேலைசெய்த தமிழரும் பிகாரிகளும் பட்ட துன்பமும் அதன் ஓர் ஊற்றுக்கண் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாமவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ஏ. அப்பாதுரை. கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலையைக் கல்வெட்டுகளை ஆதாரமாகக் கொண்டு ஆராய்ந்தவர். அந்த ஆய்வைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1936-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அவர் எழுதிய அரசியல் அறிவியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்களின் கையில் புழங்கியது. கவுன்சிலின் செயலாளராக அன்றாட வேலைகள் அனைத்தையும் அவர் சுமந்தார். 1945-இல் ‘இந்தியா குவார்ட்டர்லி’ என்ற காலாண்டிதழ் தொடங்கியபோது அதன் ஆசிரியரும் அவரே. தலைவர்களின் பெயரும் செல்வாக்கும் ஓர் அமைப்புக்குக் கதவுகளைத் திறந்துவிடும். ஆனால் கடிதம் எழுதி, கட்டுரை வாங்கி, அச்சுப்படி திருத்தி, கணக்கு முடிப்பவர் இல்லாவிட்டால் அமைப்பு நிலைக்காது. முதல் பத்து ஆண்டுகளில் கவுன்சிலை நிலைக்க வைத்தவர் என்ற பெருமை யாரைவிடவும் அப்பாதுரைக்கே உரியது.

கவுன்சிலின் விதிகளில் ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. இந்திய விவகாரமோ உலக விவகாரமோ, எதைப் பற்றியும் கவுன்சில் என்ற முறையில் கருத்துச் சொல்லக் கூடாது. எழுதுபவரின் கருத்துக்கு எழுதியவரே பொறுப்பு. எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள் ஒரே மேசையில் உட்கார இந்த விதிதான் வழிசெய்தது. 1945 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் பசிபிக் உறவுகள் நிறுவனத்தின் மாநாடு நடந்தது. அதற்குக் கவுன்சில் அனுப்பிய குழுவுக்கு விஜயலட்சுமி பண்டிட் தலைமை தாங்கினார். பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி அல்லாத ஓர் இந்தியக் குரலை அங்கே வந்தவர்கள் கேட்டார்கள்.

கவுன்சில் செய்த காரியங்களில் தலையாயது 1947-இல் நடத்திய ஆசிய உறவுகள் மாநாடு. நேரு அப்போது இடைக்கால அரசின் துணைத் தலைவர். அரசே அழைப்பு விடுத்திருந்தால், இன்னும் விடுதலை பெறாத நாடுகளிலிருந்து யாரை, எந்தப் பெயரில் அழைப்பது என்ற சிக்கல் எழுந்திருக்கும். அரசு சாராத ஒரு கவுன்சில் அழைத்ததால் டச்சுக்காரர்களோடு போராடிக்கொண்டிருந்த இந்தோனேசியாவும், பிரெஞ்சுக்காரர்களோடு போராடிக்கொண்டிருந்த வியட்நாமும், சோவியத் நடு ஆசியக் குடியரசுகளும், திபெத்தும் ஒரே பந்தலுக்குள் வர முடிந்தது. பாலஸ்தீனத்தின் யூதர்கள் சார்பில் தத்துவப் பேராசிரியர் ஹ்யூகோ பெர்க்மன் வந்தார். இலங்கைக் குழுவுக்கு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமை தாங்கினார். முஸ்லிம் லீக் மாநாட்டைப் புறக்கணித்தது.

டில்லியின் புராண கிலா கோட்டைக்குள் போட்ட பந்தலில் மார்ச் 23 முதல் ஏப்ரல் 2 வரை மாநாடு நடந்தது. சரோஜினி நாயுடு தலைமை. நேரு தொடக்கி வைத்தார். காந்தி இறுதி நாட்களில் பேசினார். விடுதலை இயக்கங்கள், குடிபெயர்வும் இனச்சிக்கலும், பொருளாதார வளர்ச்சி, பண்பாடு, பெண்கள் நிலை என்று விவாதங்கள் வகுக்கப்பட்டிருந்தன. எந்த நாட்டின் உள்விவகாரத்தையும் இழுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. இருந்தும், திபெத்தைத் தனியாகக் காட்டிய வரைபடத்துக்குச் சீனக் குழு எதிர்ப்புத் தெரிவித்தது. பின்னால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே பெரும் பிளவாக மாறப்போகும் விஷயம் முதலில் தலைகாட்டிய இடங்களில் அந்தப் பந்தலும் ஒன்று. அடுத்த மாநாட்டை 1949-இல் சீனாவில் நடத்த முடிவாயிற்று; அது நடக்கவே இல்லை. ஐந்தே மாதத்தில் புராண கிலா பிரிவினை அகதிகளின் முகாமாக மாறியது.

சப்ரூ 1949 ஜனவரியில் காலமானார். சப்ரூவின் காலத்துக்குப் பின் நெடுங்காலம் கவுன்சிலைத் தாங்கியவர் குன்ஸ்ரூ. மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்து கொண்டே அவர் இதையும் கவனித்தார். 1950 அக்டோபரில் பசிபிக் உறவுகள் நிறுவனத்தின் மாநாட்டைக் கவுன்சில் லக்னோவில் நடத்தியது. 1955-இல் டில்லி பாரக்கம்பா சாலையில், பௌத்த ஸ்தூபியை நினைவூட்டும் முகப்போடு எழுந்த கட்டடத்தை நேரு திறந்து வைத்தார். முதல் தலைவரின் பெயரால் அது சப்ரூ ஹவுஸ் ஆயிற்று. அதே ஆண்டில் சர்வதேச ஆய்வுகளுக்கான இந்தியப் பள்ளியும் தொடங்கியது. அப்பாதுரை அதன் இயக்குநரானார். ஒரு நாட்டையோ வட்டாரத்தையோ எடுத்துக்கொண்டு, அதன் மொழியைக் கற்று, ஆழ்ந்து ஆராயும் முறை இந்தியாவில் வேரூன்றியது அந்தப் பள்ளியால்தான். 1970-இல் அது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் முனைவர் பட்டம் பெற்றது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

ஜெய்சங்கரின் தந்தை, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியமும் சப்ரூ ஹவுஸோடு தொடர்புடையவர். அவர் இயக்குநராக இருந்த பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அந்தக் கட்டடத்தில்தான் இயங்கியது. அங்கிருந்த நூலகம் ஐ.நா. ஆவணங்களின் வைப்பகமாகவும் இருந்தது. தலைப்பு வாரியாக வெட்டி ஒட்டி வைத்த செய்தித்தாள் நறுக்குகளைத் தேடி ஆய்வு மாணவர்களும் பத்திரிகையாளர்களும் அங்கே நாள் முழுதும் உட்கார்ந்தார்கள்.

குன்ஸ்ரூ 1968-இல் தமக்கு வழங்கப்பட இருந்த பாரத ரத்னாவை ஏற்க மறுத்தார். குடியரசு ஒன்றில் இத்தகைய பட்டங்கள் கூடாது என்று அரசியல் நிர்ணய சபைக் காலத்திலேயே எதிர்த்தவர் அவர். பதவியையும் பட்டத்தையும் அவ்வளவு எளிதாக ஒதுக்கத் தெரிந்தவரின் காலத்தில் கவுன்சிலுக்கு நேர்மைக் குறை வரவில்லை. ஆனால் ஒரு குறை இருந்தது. எல்லாம் சில பெரியவர்களின் தனிப்பட்ட மதிப்பில் நின்றது. அந்த இடத்துக்கு வரக்கூடிய அடுத்த வரிசையை யாரும் உருவாக்கவில்லை. பள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போனதும் ஆய்வாளர்களும் அதோடு போனார்கள். 1978-இல் குன்ஸ்ரூ மறைந்தபோது கவுன்சிலிடம் கட்டடமும் நூலகமும் பழைய பெயரும் இருந்தன. அவற்றைக் காத்து நடத்தும் ஆள்பலம் இல்லை.

அடுத்து வந்த ஆண்டுகள் இறக்கத்தின் ஆண்டுகள். தேர்தல் தகராறு, நிதி நிர்வாகம், நூலகத்தின் சீர்கேடு என்று புகார்கள் அடுக்கடுக்காக வந்தன. அரங்கம் வாடகைக்குப் போயிற்று. டில்லிவாசிகள் பலருக்குச் சப்ரூ ஹவுஸ் என்றால் அங்கே நடந்த கொச்சையான பஞ்சாபி நகைச்சுவை நாடகங்களே நினைவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. அழியாமல் காக்க வேண்டிய ஓர் அறிவுக்கூடத்துக்கு நேர்ந்த அவமானம் அது.

1990-இல் மத்திய அரசு அவசரச் சட்டம் மூலம் கவுன்சிலை எடுத்துக்கொள்ள முயன்றது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்காததால் அது காலாவதியாகி, நிர்வாகம் பழைய கைகளுக்கே திரும்பியது. 2000 செப்டம்பர் 1 அன்று மீண்டும் ஓர் அவசரச் சட்டம் வந்தது. 2001-இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கி, கவுன்சிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. அரசு சாராத அமைப்பாகப் பிறந்த ஒன்று ஐம்பத்தேழு ஆண்டுகளில் அரசின் பொறுப்புக்கு வந்து சேர்ந்தது.

இதனால் தலைமையின் இயல்பே மாறியது. இப்போது குடியரசுத் துணைத் தலைவரே பதவி வழியில் கவுன்சிலின் தலைவர். ஹமீத் அன்சாரியும் வெங்கையா நாயுடுவும் அப்படித் தலைமை வகித்தவர்கள். அன்சாரி தாமே தூதராகப் பணியாற்றியவர் என்பதால் விவாதிக்கப்படும் பொருள் அவருக்குப் புதிதல்ல. 2025 செப்டம்பரில் குடியரசுத் துணைத் தலைவராகப் பொறுப்பேற்ற திருப்பூர்க்காரர் சி. பி. ராதாகிருஷ்ணன் இந்தப் பொறுப்புக்கும் உரியவரானார். அன்றாட நிர்வாகம் தலைமை இயக்குநரிடம். சுதிர் தேவாரே, ராஜீவ் பாட்டியா, நளின் சூரி, டி. சி. ஏ. ராகவன், விஜய் தாக்கூர் சிங் என்று அந்த இடத்துக்கு வந்தவர்கள் வெளியுறவுப் பணியில் ஊறியவர்கள். பாகிஸ்தானில் இந்தியத் தூதராக இருந்த ராகவன் வரலாற்று நூல்களும் எழுதியவர்.

அரசு எடுத்துக்கொண்ட பின் கட்டடம் செப்பனிடப்பட்டது, நூலகம் மீண்டது, ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டார்கள், அயல்நாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. இவை உண்மையான ஆதாயங்கள். இழப்பும் உண்டு. திபெத்தையும் வியட்நாமையும் ஒரு பந்தலுக்குள் அழைக்க முடிந்தது, அழைத்தவர்கள் அரசாக இல்லாததால்தான். வெளியுறவு அமைச்சகத்தின் பணத்தில் நடக்கும் கவுன்சிலுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அப்பாதுரை 1945-இல் தொடங்கிய ‘இந்தியா குவார்ட்டர்லி’ மட்டும் இன்றும் கவுன்சிலின் பெயரிலேயே வெளிவந்துகொண்டிருக்கிறது.