திருகோணமலையில் ஒல்லாந்தரும் அவர்தம் பானமும்

திருகோணமலையின் உட்துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல் எதுவாயினும் ஒஸ்ரன்பேர்க் முனையைக் கடந்தே செல்லவேண்டும். அம்முனையின் குன்றிலே கோட்டை அமைத்தவர் ஒல்லாந்தர். அம்ஸ்ரர்டாம் நகரிலே அவர்தம் கிழக்கிந்தியக் கும்பனி கப்பல் கட்டிய தீவுக்கும் அதே பெயர்தான். 1639ஆம் ஆண்டிலே இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து போர்த்துக்கேயரிடமிருந்து இவ்விடத்தைக் கைப்பற்றினர். இடையிலே கைவிட்டு, 1660களில் மீண்டும் வந்தனர். 1795ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஆங்கிலேயரிடம் இறுதியாக இழந்தனர். கறுவாவைப் பற்றியும் யானை வியாபாரத்தைப் பற்றியும் நாம் நிறையப் படித்திருக்கிறோம். அக்கோட்டையின் காவல்வீரன் மாலையில் எதைக் குடித்தான் என்று சரித்திர நூல்கள் அதிகம் கேட்பதில்லை. அற்பமான கேள்வி என்று சிலர் நகைக்கலாம். அதற்கு விடை தேடப் புகுந்தால், இரு நாடுகளின் வரிக் கணக்கே அவிழ்ந்து விழுகின்றது.

ஒல்லாந்தர் தம் நாட்டிலே பியர் குடித்து வளர்ந்தவர்கள். தாழ்ந்த நிலம், எங்கும் கால்வாய், நகரக் கழிவுகள் அனைத்தும் அக்கால்வாய்களிலேயே சேர்ந்தன. அந்நீரைப் பச்சையாகக் குடிப்பவன் நோயை விலைக்கு வாங்குபவன். பியரோ கொதிக்கவைத்துச் செய்யப்படுவது. ஆகவே சிறுவர் முதல் முதியோர் வரை, வெறி குறைந்த மெல்லிய பியரையே அன்றாடம் அருந்தினர். அது அவர்களுக்குக் களியாட்டப் பொருளன்று. நமக்குக் கஞ்சித் தண்ணீர் எப்படியோ அப்படி.

அதைச் செய்யும் முறை சுருக்கமாக இது. வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டி, சூட்டில் உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் கரைத்தால் இனிப்பான சாறு இறங்கும். அதைக் கொதிக்கவைத்து ஆற்றி, நொதியம் இட்டுப் புளிக்கவிடுவர். இடைக்காலத்தில் மணத்துக்காகச் சில மூலிகைகளைக் கலந்தனர். அக்கலவைக்கு 'கிரொய்ட்' என்று பெயர். அதை விற்கும் உரிமை பிரபுக்களுக்கும் நகரங்களுக்குமே உரியது. மூலிகை வாங்காமல் பியர் காய்ச்ச முடியாது. வாங்கினால் வரியும் சேர்ந்தே வந்துவிடும். பின்னர் வட ஜெர்மனியிலிருந்து ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூ இட்ட பியர் வந்தது. அப்பூ பானத்தைக் கெடாமல் காத்தது. ஹார்லெம், டெல்வ்ற், கௌடா ஆகிய நகரங்கள் அதைக் காய்ச்சி விற்றுச் செழித்தன. காடைக்கண்ணி என்னும் ஓட்ஸ் மிகுதியாகவும், கோதுமையும் வாற்கோதுமையும் அளவாகவும் சேர்த்த 'கொய்ட்' என்னும் பியர் அவற்றுள் பேர்போனது. எந்தத் தானியம் எத்தனை பங்கு என்பதையும் நகரச் சட்டமே வகுத்தது. ஸ்பானிய அரசுக்கு எதிரான நெடும்போரின் செலவிலே ஒரு பங்கு இப்பியர் வரியிலிருந்து கிடைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கப்பலுக்கு வருவோம். 1602ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட கும்பனியின் கப்பல்கள் கீழ்த்திசை வந்துசேர ஆறு முதல் எட்டு மாதங்கள் பிடித்தன. பியர்ப் பீப்பாய்களும் ஏற்றப்பட்டன. ஆனால் மெல்லிய பியர் வெப்பக் கடலை எட்டுமுன்னரே புளித்துவிடும். ஆகவே முதல் வாரங்களிலேயே அதைக் குடித்துத் தீர்ப்பர். நீண்ட பயணத்தைத் தாங்கியது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துக் கெட்டியான இனிப்புப் பியர். ஒல்லாந்தர் அதை 'மொம்' என்றனர். பத்தேவியாவரை அது வந்தது. எனினும் சாதாரணப் போர்வீரனின் கைக்கு எட்டும் பண்டமன்று அது.

திருகோணமலையிலேயே காய்ச்சியிருக்கலாமே எனின், அதற்கு வாற்கோதுமையும் இல்லை, ஹொப்ஸ் பூவும் இல்லை. இருந்தாலும் பயனில்லை. ஆடி மாதத்துக் கச்சான் வீசும் ஊரிலே ஆற்றிவைத்த சாற்றை நொதியம் பிடிக்குமுன்னர் வேறு கிருமிகள் பிடித்துவிடும். இதற்கு இலங்கையே சாட்சி: 19ஆம் நூற்றாண்டிலே சாமுவேல் பேக்கர் இத்தீவில் பியர் காய்ச்ச முயன்றபோது, ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் குளிரைத்தான் நாடினார். குளிர்பதன யந்திரங்கள் கைவந்த பின்னர், 1990களிலேதான் அத்தொழில் பியகமவுக்கு இறங்கி வந்தது.

நமது பனையும் தென்னையுமோ அடுப்பையும் கேட்பதில்லை, முளைகட்டிய தானியத்தையும் கேட்பதில்லை. பாளையைச் சீவி முட்டி கட்டினால், காற்றிலுள்ள நொதியமே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பது மாலைக்குள் கள். மறுநாள் காடியின் வாசம் தட்டும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிப்பு நின்று கருப்பநீர் கிடைக்கும். ஹொப்ஸ் பூவுக்கு ஐரோப்பியர் கொடுத்த வேலையின் ஒரு பகுதியை, இங்கே ஒரு பிடி சுண்ணாம்பு செய்தது. பிளாவில் வார்த்துக் குடிக்கும் கள்ளை ஒல்லாந்தரும் அறிவர். ஆனால் ஒரு நாளிலே கெடுவதைக் களஞ்சியத்தில் வைக்கவும் முடியாது, கப்பலில் ஏற்றவும் முடியாது. ஆகவே கள்ளை வடித்தெடுத்த சாராயமே கும்பனிக்கு உகந்ததாயிற்று. அது கெடாது; பீப்பாயில் கிடக்கும்; எண்ணிக் கணக்கெழுதலாம். வீரனின் படியிலும் அது சேர்ந்தது. மெல்லிய பியருக்குப் பழகிய வயிற்றிலே கடுஞ்சாராயம் என்ன செய்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வரிக்குப் பழகியவர்கள் வரியையும் கூடவே கொண்டுவந்தனர். ஹார்லெமில் மூலிகைக்கும் பீப்பாய்க்கும் விதித்ததை, இங்கே சாராயக் குத்தகையாக ஆக்கினர். விற்கும் உரிமை ஏலத்திற்கு வந்தது. மிகுதியாகக் கேட்டவன் பெற்றான். பெற்றவன் தான் கட்டிய தொகையைக் குடிப்பவனிடம் அறவிட்டான். பாளை சீவி உயிரைப் பணயம் வைத்து மரமேறியவனுக்கு எஞ்சியது சொற்பம். ஆங்கிலேயர் இம்முறையை விடாமல் தொடர்ந்தனர். 1912ஆம் ஆண்டுக் கலால் ஏற்பாட்டின்படி கள்ளுத் தவறணைகள் பெருகியபோதுதான் நாடெங்கும் மதுவொழிப்புக் குரல் ஓங்கி ஒலித்தது. எனக்குத் தோன்றுவது, குடியைப் பரப்பியவர் யார் என்று கேட்பதைவிட, குடியினால் வரும் வருமானத்தைக் கைவிட முடியாத நிலைக்கு அரசுகளைப் பழக்கியவர் யார் என்று கேட்பதே பொருந்தும் என்பது.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. கும்பனி சீனத்துத் தேயிலையைக் கொண்டுசென்றது. யாவாவில் காப்பி பயிரிடுவித்தது. கொதிக்கவைத்த நீரில் செய்யும் இவ்விரு பானங்களும் ஒல்லாந்திலே பரவவே, ஜெனீவர் என்னும் மலிவான தானியச் சாராயமும் சேர்ந்துகொள்ள, பழைய பியர்த் தொழில் நலிந்தது. டெல்வ்ற் நகரிலே அடுப்பணைந்த பியர்ச்சாலைகளைக் குயவர் வாங்கினர். கும்பனிக் கப்பலில் வந்த சீனக் கிண்ணங்களைப் பார்த்து நீலவண்ணப் பாண்டங்கள் செய்தனர். பியர்ச்சாலைகளின் பழைய பெயர்களையே பல பட்டறைகள் தாங்கின. நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் சூட்டிய பெயர் அந்நகரத்தினுடையதே.

ஒல்லாந்தர் இத்துறைமுகத்தை இன்னுமொருமுறை கண்டனர். இரண்டாம் உலகப்போரில் ஒல்லாந்துப் போர்க்கப்பல் 'ற்றோம்ப்' இங்கிருந்து நேச நாட்டுக் கப்பல்களுடன் சென்று, 1944 ஏப்ரல் 19இல் சுமாத்திராவின் சபாங் துறைமுகத் தாக்குதலிலே பங்குகொண்டது. அப்போது அவர்தம் நாட்டில் பியர் என்றால், 1864இல் ஹைனெகன் தொடங்கிய தொழிலைப் போன்ற பெரிய ஆலைகளின் தெளிந்த, குளிர்ந்த பானமே. கொய்ட்டை மறந்திருந்தனர். 1990களிலே ஹார்லெம் நகரத்தார் 1407, 1501ஆம் ஆண்டுகளின் பழைய குறிப்புகளைத் தேடியெடுத்து, அவற்றை ஆதாரமாகக் கொண்டு பியர் காய்ச்சி, பழைய 112 லீற்றர்ப் பீப்பாயின் பெயரால் அதற்கு 'யோப்பன்' என்று பெயரிட்டனர். வரி வசூலிப்பதற்காக எழுதிவைத்த ஏட்டிலிருந்தே அந்தச் சுவை திரும்பி வந்தது.