பூட்டித் தரலாகாத அறிவு

ஒரு நாடு தன் நட்பு நாட்டுக்குப் பொருளைத் தரும், படைக்கலத்தையும் தரும். அப்படைக்கலத்தைப் பேணும் நுட்பத்தைத் தருவதோ அத்துணை எளிதன்று. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியரும் அமெரிக்கரும் அணு ஆராய்ச்சியிற் கைகோத்து நின்றனர். போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய அணுசக்திச் சட்டம் அக்கதவை அடைத்துவிட்டது. 1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'நோட்டிலஸ்' அணுசக்தியாற் கடலோடியபோது, பிரித்தானியர் பின்தங்கியே நின்றனர். 1958 யூலை 3ஆம் நாள் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை அடைத்த கதவைத் திறந்தது. அதன்படி, கப்பலுக்குரிய அணு உலையொன்று பிரித்தானியாவுக்கு முழுமையாக விற்கப்பட்டது.

பாரோ நகரிலே கட்டப்பட்ட 'டிரெட்நோட்' கப்பலின் முன்பகுதி பிரித்தானியரின் ஆக்கம். உலையும் பொறிகளும் அமைந்த பின்பகுதி அமெரிக்கரின் வழியைப் பின்பற்றியது. 1963 ஏப்பிரில் 17 அன்று அது கடற்படையிற் சேர்ந்தது.

அதற்குச் சரியாக ஒரு வாரத்துக்கு முன்னர், அமெரிக்காவின் 'திரெஷர்' கப்பல், திருத்த வேலை முடிந்து ஆழ்கடற் சோதனைக்குச் சென்றவிடத்து, 129 பேருடன் அத்திலாந்திக்கில் அமிழ்ந்தது. கடல்நீர்க் குழாயின் இணைப்பொன்று விட்டுப்போனமையே அழிவின் தொடக்கமாதல் கூடும் என விசாரணையாளர் கருதினர். அதன்பின், கட்டும் வேலையையும் திருத்தும் வேலையையும் கடுமையாகச் சரிபார்க்கும் முறையொன்றை அமெரிக்கக் கடற்படை வகுத்தது. உலையை ஆக்கிய அறிவு ஒருபுறமிருக்க, குழாயைப் பொருத்துவோனின் கவனமும் உயிர்காப்பதென உலகு உணர்ந்தது.

பிரித்தானியர் வாங்கிய உலையோடு நின்றுவிடவில்லை. 1966ஆம் ஆண்டிற் சேவையேற்ற 'வேலியன்ட்' கப்பல் அவர்தம் நாட்டு உலையாலேயே இயங்கியது.

அவுஸ்திரேலியாவின் கதை வேறு. 2021 செப்டெம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா என்னும் மூன்று நாடுகளும் 'ஓக்கஸ்' கூட்டை அறிவித்தன. அதன் ஏற்பாட்டின்படி அவுஸ்திரேலியா அணு எரிபொருளை ஆக்குவதில்லை; உலை முற்றாகப் பற்றவைத்து மூடிய நிலையிலேயே அதற்கு வழங்கப்படும். ஆயினும் பேணுங் கலையைக் கற்றே ஆகவேண்டும். 2023ஆம் ஆண்டில் அந்நாட்டின் அதிகாரிகள் அமெரிக்கக் கடற்படையின் அணுசக்திப் பள்ளியிலே தேர்ச்சி பெற்றனர். 2024ஆம் ஆண்டில் பேர்த் நகரை அடுத்த 'ஸ்டேர்லிங்' தளத்திலே, 'ஹவாய்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலைத் திருத்தும் பணியில் அவுஸ்திரேலியக் கடற்படையினரும் பங்குகொண்டனர்.

இக்கூட்டின் செலவு குறித்தும், நாட்டின் தன்னுரிமை குறித்தும் அவுஸ்திரேலியரிடையே வாதம் எழுந்தது. கப்பல்கள் ஓய்ந்தபின் எஞ்சும் கதிர்வீச்சுக் கழிவைக் காக்கும் பொறுப்பையும் அந்நாடே ஏற்றுள்ளது. உலையைப் பூட்டித் தரலாம்; அதனைப் பேணும் அறிவையும் அதனோடு வரும் சுமையையும் பூட்டித் தரலாகாது. அவற்றைப் பெறுவோர் தம் கையாலேயே ஏற்றல் வேண்டும்.